இஸ்திரி அறையில் கருங்கயிறு

உடலை வைக்கிற குளிர்பெட்டியின் ஒயரைச் செருகியதும் மூன்றாம் முறையாக வீட்டில் கரண்ட் போனது. கூடத்து விளக்கு அணைந்தது, மின்விசிறி இரண்டு சுற்று சோம்பலாகச் சுற்றிவிட்டு நின்றது. வெளியே மழை மூட்டம் வேறு. கூடத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் ஒரே குரலில் உச்சுக்கொட்டினார்கள். வீடு மொத்தமும் இருட்டில் கிடக்க, இஸ்திரி அறையிலிருந்து மட்டும் கம்ப்யூட்டரின் இரைச்சலும், அதற்குமேல் கரண்ட் போய்விட்டதாக பேட்டரி போடும் கூச்சலும் ஒரு குறையும் இல்லாமல் வந்துகொண்டிருந்தன.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். கீழே சலவைக்கடை, மேலே வீடு. செத்துப்போனவன் அவளுடைய தம்பி. காலையில்தான் போனான். கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவளும் பண்ணிக்கொள்ளவில்லை. ஒருத்தர் உயிரை ஒருத்தர் வாங்கிக்கொண்டு இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் ஓட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் வாங்கிப் போடுடா என்று அவள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் வாங்கினான். வாங்கி, பேட்டரி அத்தனையையும் அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டருக்கே கொடுத்தான். கரண்ட் போனால் வீட்டில் இருக்கிற மனிதர்கள் மெழுகுவத்தி தேட வேண்டும், அது மட்டும் ராஜா மாதிரி ஓடும். இன்றைக்கும் அப்படித்தான். அவனே இருட்டில் படுத்திருக்கிறான், அவனுடைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

எலக்ட்ரீஷியன் படிக்கட்டுக்குக் கீழே போய் ஏதோ தட்டிவிட்டு வந்தார். விளக்கு எரிந்தது.

"அம்மா, நான் முதல்லயே சொன்னேன். இந்த வீட்டு ஒயருக்கு வயசாயிடுச்சு. அந்த ரூம்ல ஓடுற ஏ.சி.யும் கம்ப்யூட்டரும் ஒரு பக்கம், இந்தப் பெட்டி ஒரு பக்கம். ரெண்டுல ஒண்ணைத்தான் தாங்கும்."

"கீழே டிரையரை நிறுத்தித்தானே வெச்சிருக்கேன்?"

"டிரையரை நீங்க மழை ஆரம்பிச்சதுல இருந்தே ஓட்டலையேம்மா. அது கணக்குலயே இல்லை."

அதுவும் உண்மைதான். கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து டிரையர் சும்மாதான் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போகும். மழைக்காலத்தில் டிரையர் இல்லாமல் சலவைக்கடை நடத்துகிறவளை ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாது. படிக்கட்டில், கூடத்தில், கட்டில் காலில், ஜன்னல் கம்பியில் என்று மருத்துவமனைப் போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியைத் திருப்பித் திருப்பி வைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். இன்று காலையில் துவைத்தவை இயந்திரத்துக்குள்ளேயே ஈரமாகக் கிடந்தன. இந்நேரம் வாடை பிடித்திருக்கும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் சித்தப்பா. குளிர்பெட்டியை ஏற்பாடு பண்ணிக் கொண்டுவந்தவர் அவர். கொண்டுவந்த பெட்டி வேலை செய்யாதது தனக்கே ஏற்பட்ட அவமானம் போல இருந்தது அவருக்கு. "அந்த மெஷினை அணை. உன் தங்கச்சி சின்னவ பிளைட்டு நாளைக்கு மத்தியானம்தான் இறங்குது. அதுவரைக்கும் உடம்பு தாங்க வேண்டாமா?"

"கொஞ்சம் இருங்க சித்தப்பா."

"என்ன இரு? போனவனுக்கு கம்ப்யூட்டர் எதுக்கு?"

அதற்கு அக்காவிடம் ஒரு சத்தியம் மட்டும்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மற்ற வீடுகளில் போகிறவர்கள் கடைசியாக நல்ல வார்த்தை ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். உன்னை ரொம்பப் படுத்திட்டேன், பார்த்து இரு, இப்படி ஏதாவது. காலையில் அவள் ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவன் "அக்கா" என்று கூப்பிட்டான். குரல் உள்ளேயே இருந்தது. அவள் குனிந்து காதை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"ஏ.சி. பதினாறுலதானே இருக்கு?"

"இருக்குடா."

"மழை பெய்யுதுன்னு யாராவது கூட்டி வெச்சிடப் போறாங்க."

"யாரும் தொடல. தண்ணியைக் குடி."

"அது முடியிற வரைக்கும் அணைச்சிடாதே. சத்தியம் பண்ணு."

"சத்தியம்டா, சத்தியம். இந்த ஒரு வாயைக் குடி."

குடித்தான். அவள் சமையலறைக்குப் போய் ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் போய்விட்டான். ஒரு ஸ்பூன் கழுவுகிற நேரம்கூட அவனால் பொறுக்க முடியவில்லை.

சரி, அந்தச் சனியன் எப்போது முடியும்? அதைத்தான் மழைக்காலம் முழுக்க அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தினமும் ஒரே பதில்தான். "நாளைக்கு முடிஞ்சிடும்க்கா." மறுநாள் கேட்டாலும் அதே நாளைக்கு.

கல்லூரியில் அவனுக்குக் கணக்குப் போடக் கம்ப்யூட்டர் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெற்றவருக்கு எதற்கு என்றார்கள். உடனே எங்கேயோ மூடிப்போன ஒரு கிராஃபிக்ஸ் ஸ்டுடியோவிலிருந்து பழைய கம்ப்யூட்டர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். இஸ்திரி அறைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அந்த ஒரு அறையில்தான் ஏ.சி. இருந்தது. சூட்டில் நின்று தேய்க்கிற பெண்களுக்காக அவள் ஆசையாகப் போட்ட ஏ.சி. இஸ்திரி மேசைகள் கூடத்துக்கு வந்தன. அறைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'ஈரத் துணி உள்ளே வரக்கூடாது.' சலவைக்கடைக்காரியின் வீட்டில், இஸ்திரி அறையின் கதவில், இப்படி ஒரு அட்டை.

அது என்ன கணக்கு என்று அவளுக்கும் ஒரு மாதிரி தெரியும். கேட்காமலே சொல்லுவான். நாம் போகிற வருகிற திசைகளைத் தவிர ஐந்தாவதாக இன்னொரு திசையும் இருக்கலாம், ரொம்பச் சின்னதாகச் சுருண்டு கிடப்பதால் நமக்குத் தெரிவதில்லை என்பான். "இருக்கிற திசையிலயே போய் பால் வாங்கிட்டு வர உனக்கு உடம்பு வணங்கல, உனக்கு இன்னொரு திசை வேற கேக்குதா?" என்பாள் அக்கா. தெருவில் அவனுக்கு 'அஞ்சாம் மாடிக்காரர்' என்று பெயர். ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு அவர் மட்டும் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறார் என்பது முக்குக்கடை ஜோக்.

நமக்குத் தெரிந்த கருந்துளை உருண்டையாக இருக்குமாம். எத்தனை தட்டினாலும் குலுக்கினாலும் மறுபடி உருண்டையாகிவிடுமாம். அந்தக் கூடுதல் திசை இருந்தால், கருந்துளை நீளமாகக் கயிறு மாதிரியும் இருக்கலாம். அதற்கு அவன் வைத்த பெயர் கருங்கயிறு. அந்தக் கயிறு அப்படியே நிற்காது, அங்கங்கே மெலிந்து, அங்கங்கே பருத்து, கடைசியில் அறுந்துவிடும் என்பது அவன் கட்சி. ஒரு நாள் கடைக்கு வந்து துவைக்கிற தொட்டியின் குழாயை நூல் போலத் திறந்துவிட்டான். "பாருக்கா. மேலே ஒரே கயிறா வருது. கீழே வர வர முத்து முத்தா அறுந்துபோகுது பாரு. இதேதான்." அவள் பார்த்தாள். அறுந்துதான் போனது. "இதைப் பாக்கவா இத்தனை வருஷமா படிச்ச? குழாயை மூடு, தண்ணி வீணாகுது" என்றாள்.

கூடத்தில் இப்போது எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி நடுவில் கிடந்தான். எலக்ட்ரீஷியன் பெட்டியின் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, செருகவா வேண்டாமா என்று நின்றார்.

"ஏ.சி.யை மட்டும் அணைச்சா?" என்றாள்.

"மெஷின் சூடாகி அதுவே நின்னுடும். ஐயாவே எனக்குச் சொல்லியிருக்காரு. அந்த ரூம் எப்பவும் குளிர்பெட்டி மாதிரி இருக்கணும்னு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். இஸ்திரி அறைக் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து குளிர் முகத்தில் அறைந்தது. எதிர்ச் சுவரோரம் கம்ப்யூட்டர் அடுக்கு பச்சை விளக்குகளோடு இரைந்துகொண்டிருந்தது. ஏ.சி.யிலிருந்து வடிகிற தண்ணீர் மூலையில் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கட்டில் போடத் தாராளமாக இடம் இருந்தது.

"சித்தப்பா, பெட்டியைத் திருப்பி அனுப்பிடுங்க. அவனை இங்கே கொண்டுவந்து படுக்க வைங்க."

"இங்கேயா? மெஷின்கூடயா?"

"வீட்டுலயே குளிர்ந்த ரூம் இதுதான். ஏழெட்டு ஐஸ் கட்டி வாங்கி கட்டிலுக்குக் கீழே டப்பாவுல வெச்சா நாளை மத்தியானம் வரைக்கும் தாங்கும். ரெண்டுல ஒண்ணுன்னு ஏன் நிக்கணும்?"

"இந்தச் சத்தத்துல எப்படிம்மா..."

"உயிரோட இருந்தப்பவே இந்தச் சத்தத்துலதான் தூங்கினான். இப்ப என்ன?"

சித்தப்பா எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. உள்ளே நுழைந்ததும் பல் கிடுகிடுத்தது. பேசினால் காதில் விழவில்லை. ஆறுதலைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கல்லூரியிலிருந்து வந்த ஒருவர் அக்காவின் காதருகே குனிந்து, "ரொம்ப அமைதியான மனுஷன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். யாரோ கீழே போய், தேய்த்து அடுக்கியிருந்த மருத்துவமனைப் போர்வைகளை எடுத்து வந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்கள். அக்கா பார்த்தபோது அறை முழுக்கப் பச்சைக் கரை போட்ட வெள்ளைப் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தம்பிமேல் போர்த்தியிருந்ததும் அதே போர்வைதான். யார் செத்தவர் யார் இருக்கிறவர் என்று வெளியாளுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

"அது நாளைக்கு டெலிவரி குடுக்க வேண்டிய துணி!" என்று கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் அடுக்குக்கு முன்னால் ஒரு திரை. அதில் ஒரு கறுப்புக் கயிறு குறுக்கே கிடந்தது. அங்கங்கே முத்து மாதிரி பருத்து, முத்துக்கும் முத்துக்கும் நடுவே நூலாக இழுபட்டு, அந்த நூலிலும் குட்டி முத்துக்கள். அசையவே இல்லை. பத்து நாளாக இதே படம்தான். அவன் படுக்கையில் விழுவதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இதையே பார்த்துக்கொண்டிருப்பான். "அசையுதுக்கா, உனக்குத்தான் தெரியல" என்பான்.

சாயங்காலம் எதிர்க்கட்சி வந்தார்.

எதிர்க்கட்சி என்று பெயர் வைத்தது அக்காதான். வேறொரு கல்லூரியில் அவனுக்கு ஈடாக இருந்தவர். கயிறு அறாது, ஒரு அளவுக்கு மெலிந்துவிட்டு அப்படியே நின்றுவிடும் என்பது அவர் கட்சி. அறும், அறாது என்று இரண்டு பேரும் போனில் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டு நாய் குரைத்த நாள்கள் உண்டு. யாரும் பார்க்காத ஒரு கயிறு அறுமா அறாதா என்று படித்த மனிதர்கள் இரண்டு பேர் இப்படி அடித்துக்கொள்வார்களா என்று அவள் வியந்திருக்கிறாள். கடைசி இரண்டு வருடமாகச் சண்டை ஓய்ந்திருந்தது. கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியதிலிருந்து வாரத்தில் ஒரு நாள் அவர் வந்து அந்த அறைக்குள் உட்கார்ந்துவிட்டுப் போவார். வரும்போதெல்லாம் ஸ்வெட்டர் கொண்டுவருவார்.

இன்றும் ஸ்வெட்டரோடுதான் வந்தார். கட்டில் அருகே நின்றார். அடக்க முடியாமல் தோள் குலுங்கக் குலுங்க அழுதார். வந்தவர்களில் அப்படி அழுதது அவர் ஒருத்தர்தான். அக்கா இன்னும் அழவில்லை, அழ நேரம் எங்கே இருந்தது. அவர் அழுது முடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தார். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கேதான் சூடான காற்று வெளியேறும். குளிர் தாங்காமல் கையை அதில் காட்டிக்கொண்டு நின்றார்.

அக்காவும் அங்கே போனாள். அங்கே நின்றால் கொஞ்சம் மெதுவாகப் பேசினாலும் கேட்டது.

"ஒண்ணு கேக்கணும் உங்களை," என்றாள். "இது எப்ப முடியும்?"

"எது அக்கா?"

"இந்தக் கணக்கு. முடியிற வரைக்கும் அணைக்கக் கூடாதுன்னு காலையில எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் போனான். எனக்கு டிரையர் ஓட்டணும். ஆஸ்பத்திரிக்காரன் துணிக்கு நிக்கிறான். நாளைக்கு முடியுமா, அடுத்த வாரம் முடியுமா? ஒரு நாளைச் சொல்லுங்க, அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்."

எதிர்க்கட்சி கையைச் சூட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க."

"முடியாதுக்கா."

"சொல்ல முடியாதா?"

"இல்ல. இது முடியாது. எப்பவுமே முடியாது." திரை இருந்த பக்கம் கையைக் காட்டினார். "முதல்ல ஒரு கயிறு. அது முத்து முத்தா ஆகுது. முத்துக்கு நடுவுல இன்னும் மெலிசா ஒரு கயிறு மிஞ்சும். அதுலயும் முத்து வரும். அதுக்கு நடுவுல அதைவிட மெலிசு. ஒவ்வொரு தடவையும் மெலிய மெலிய, அதைக் கணக்குப் போட மெஷினுக்கு ஆகுற நேரம் கூடிக்கிட்டே போகும். முதல் முத்துக்கு ஒரு நாள் ஆச்சு. அடுத்ததுக்கு ஒரு வாரம். இப்ப ஓடுறது இந்த மழைக்காலம் பூராவும் ஓடியும் பாதிதான். அடுத்ததுக்கு வருஷக்கணக்கு."

"அப்புறம் அறுந்துடுமா?"

"அதுக்கு நடுவுல இன்னொண்ணு மிஞ்சும்க்கா."

அக்கா அவரையே பார்த்தாள்.

"நிஜத்துல அப்படி ஒரு கயிறு இருந்தா இதெல்லாம் கண் இமைக்கிற நேரத்துல நடந்து, அறுந்தும் போயிடும்," என்றார் அவர். "அங்கே முடிஞ்சிடும். இங்கேதான் முடியாது."

"அப்ப அவன் சொன்னதுதான் சரியா? நீங்க தோத்துட்டீங்களா?"

"ஒரு இடத்துல நின்னுடும்னு சொன்னேன். நிக்கல, மெலிஞ்சுகிட்டேதான் போகுது. அந்த வரைக்கும் நான் தோத்துட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "ஆனா அவருக்கு அறுந்த இடத்தைப் பாக்கணும்னு ஆசை. கருந்துளைக்கு நடுவுல ஒண்ணு இருக்கு, அங்கே நம்ம கணக்கு எதுவும் செல்லாது. அதை யாரும் பாக்க முடியாதபடி கருந்துளை மூடியேதான் வெச்சிருக்கும். கயிறு அறுந்தா, அந்த ஒரு இடத்துல அது வெளியே தெரிஞ்சிடும். அதைத்தான் பாக்கணும்னாரு."

அக்காவுக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை. அவள் கேட்க வேண்டியது வேறு.

"இது முடியாதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

எதிர்க்கட்சி தயங்கினார். "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து கணக்குப் பாத்தோம். அவருக்குத் தெரியாம எப்படிக்கா?"

"தெரிஞ்சேவா ஓட்டினான்?"

"எவ்வளவு தூரம் போகுதோ போகட்டும்னாரு."

அக்கா திரும்பினாள். பச்சைக் கரைப் போர்வைகளைத் தாண்டிக்கொண்டு போய்க் கட்டிலின் பக்கத்தில் நின்றாள். அவன் எப்போதும் போல, காது கேட்காதவன் மாதிரி கிடந்தான்.

"டேய்!" என்றாள்.

அந்த ஒரு சொல் எல்லோருக்கும் கேட்டது. மெஷின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

"தெரிஞ்சேதான் சத்தியம் வாங்கினியா? முடியாத ஒண்ணை முடியிற வரைக்கும் பாத்துக்கோன்னா என்னடா அர்த்தம்? என் ரூமை எடுத்துக்கிட்ட. ஏ.சி.யை எடுத்துக்கிட்ட. டிரையரை ஓட்டவிடல. மழையில வீடு பூரா ஈரத் துணியைத் தொங்கவிட்டுக்கிட்டு நான் அல்லாடினேன். நாளைக்கு முடிஞ்சிடும், நாளைக்கு முடிஞ்சிடும்னு தினம் என்னை ஏமாத்தினியே, நானும் ஒவ்வொரு நாளும் நம்பினேனேடா! போறப்பவாவது உண்மையைச் சொல்லக் கூடாதா? இதையும் என் தலையில கட்டிட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட. இனிமே நான் யார்கிட்டடா கேப்பேன், எப்ப முடியும்னு?"

குரல் அங்கே உடைந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது மொத்தமாக வந்தது. கோபத்தில்தான் அழுதாள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டாள். அந்தக் குளிரில் கண்ணீர் மட்டும் சுட்டது. சித்தப்பா எழுந்து வந்து, தான் போர்த்தியிருந்த போர்வையை அவள் தோளில் சுற்றிவிட்டார். "அணைச்சிடலாம்மா. யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்று காதருகே சொன்னார்.

"அதை யாராவது தொட்டீங்கன்னா தெரியும் சேதி," என்றாள் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "நாளைக்குச் சின்னவ வர வரைக்கும் அது ஓடித்தான் ஆகணும். ஏ.சி. பதினாறுல இருக்கா பாருங்க."

மறுநாள் மத்தியானம் சின்னவள் வந்தாள். விமான நிலையத்திலிருந்து நேராக வந்தவள், அறைக்குள் நுழைந்ததும் அண்ணனைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், போர்வைக்குள் முடங்கிக் கிடந்த சித்தப்பாவைப் பார்த்தாள்.

"என்னக்கா இது? அண்ணனை ஆபீஸ்ல வெச்ச மாதிரி வெச்சிருக்க?"

"அதான் அவன் ஆபீஸ்," என்றாள் அக்கா.

சின்னவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகவே அப்புறம் ரொம்ப நேரம் அழுதாள். அவனைத் தூக்கும்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது. படிக்கட்டில் இறக்குகையில், காய்ந்தும் காயாமலும் தொங்கிய தலையணை உறை ஒன்று அவன் முகத்தில் உரசியது. "அந்த உறையை எடுக்கலையா யாரும்?" என்று அக்கா எரிந்து விழுந்தாள். அதை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டே பின்னால் நடந்தாள். எல்லாம் முடிகிற வரைக்கும் அது அவள் தோளிலேயே கிடந்தது, யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

திரும்பி வந்து குளித்துவிட்டுப் பார்த்தால், வீட்டில் இரைச்சல் அப்படியே இருந்தது. சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். சின்னவள் பயணக் களைப்பில் கூடத்தில் சுருண்டு படுத்துவிட்டாள். எதிர்க்கட்சி ஸ்வெட்டரை மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா கீழே இறங்கிக் கடை ஷட்டரைப் பாதி தூக்கினாள். இயந்திரத்தைத் திறந்ததும் ஈரவாடை முகத்தில் அடித்தது. நேற்றுத் துவைத்ததை மறுபடி ஒரு முறை துவைக்கப் போட்டாள். ஆஸ்பத்திரிக்காரன் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான். துக்கவீடு என்று தெரிந்துதான் பண்ணினான், துக்கம் விசாரித்துவிட்டு, "போர்வை எப்ப வரும்?" என்றும் கேட்டான்.

எலக்ட்ரீஷியன் விட்டுப்போன ஸ்க்ரூடிரைவரை எடுக்க வந்தார்.

"டிரையரை ஓட்டிப் பாத்துடலாமாம்மா? மேலே அந்த மெஷினை அணைச்சிட்டா இப்பவே ஓட்டலாம். ஒன்றரை மாசமா சும்மா நின்னது, பெல்ட் எப்படி இருக்குன்னு பாக்கணும்."

அக்கா துவைத்து முடிந்த துணியை இழுத்துப் பிழிந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பெல்ட்டு எங்கேயும் போயிடாது."

"இல்லம்மா, இவ்வளவு ஈரத் துணியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? வெளிய மறுபடி மழை வருது. அது எப்ப முடியும்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

அக்கா கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு முடிஞ்சிடும்," என்றாள்.

எலக்ட்ரீஷியன் தலையாட்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவள் ஆணி இரண்டும் சுத்தியலும் ஒரு கொடிக்கயிறும் எடுத்துக்கொண்டு படியேறினாள். இஸ்திரி அறைக் கதவில் அட்டை அப்படியே தொங்கியது. அதை அவள் கழற்றவில்லை. தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. ஏ.சி. வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. முதலில் அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து வைத்தாள். பிறகு கம்ப்யூட்டர் அடுக்குக்குப் பின்னால், சூடான காற்று வருகிற இடத்தில், சுவருக்குச் சுவர் ஆணி அடித்துக் கொடி கட்டினாள். இழுத்துப் பார்த்தாள், தாங்கியது.

கூடையிலிருந்து முதல் தலையணை உறையை எடுத்து, ஒரு சொட்டு இல்லாமல் இன்னொரு தரம் பிழிந்தாள். உதறினாள். கொடிக்கு நேரே தூக்கிப் பிடித்தவள், போடாமல் அப்படியே கொஞ்சம் நின்றாள். இந்நேரம் கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்திருக்க வேண்டும். "அக்கா, ஈரம்! ஈரம்!" என்று கட்டிலிலிருந்தே கத்தியிருப்பான்.

கம்ப்யூட்டர் விசிறிகள்தான் இரைந்தன. அவள் உறையைக் கொடியில் போட்டு, இரண்டு ஓரத்தையும் இழுத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.